வெள்ளவத்தை ஒழுங்கையில் நான்கு விளக்குகள்

சென்ற வருடம் எங்கள் தொடர்மாடிக்கு எதிரே ஒரு ஹோட்டல் திறந்தார்கள். அன்றைக்கே அதன் பெயர்ப்பலகையின் நீல வெளிச்சம் என் படுக்கையறைக்குள் குடிவந்துவிட்டது. கண்ணை மூடினாலும் இமைக்குள் நீலம். சுவரில் தொங்கும் என் கணவரின் படம் கடலுக்கடியில் கிடப்பதுபோல் தெரிந்தது. பொறுத்துப் பார்த்துவிட்டு, நான் முன்பு வேலை செய்த நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். தர்ஷினி என்ற இளம் பொறியியலாளரை அனுப்பினார்கள். அவள் ஹோட்டல் முகாமையாளருடன் கதைத்து, பலகைக்குப் பின்னால் ஒரு தகடு வைக்கவும், ஊர் உறங்கும் நேரத்தில் அணைத்துவிடவும் சம்மதிக்க வைத்தாள். இரண்டு நாளில் வேலை முடிந்தது.

போகும்போது அவள் கேட்டாள்: “மிஸ், நீங்க வேலை செய்த காலத்தில இப்பிடி லைட் சண்டை எல்லாம் இருந்ததா?”

“இருந்தது. ஆனா முறைப்பாடு குடுக்கத்தான் சனத்துக்குப் பயம்.”

“லைட்டைப் பற்றிச் சொல்ல என்ன பயம்?”

அவள் யுத்தம் முடியும்போது சின்னப் பிள்ளையாக இருந்திருப்பாள். வாசலில் நின்றபடி சொல்லி முடிக்கக்கூடிய பதில் அல்ல அது. “எழுதித் தாறன், நீங்கள் எல்லாரும் வாசியுங்கோ” என்று அனுப்பிவைத்தேன்.

நான் மருதானைத் தொழில்நுட்பக் கல்லூரியில் வரைபடக் கலை படித்தவள். வீடு கட்டும் வரைபடம் போடத்தான் படித்தேன். கிடைத்த வேலை பம்பலப்பிட்டியில், மின்விளக்குகள் விற்றுப் பொருத்திக் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில். எந்தச் சுவரில் எந்த விளக்கு, எவ்வளவு உயரத்தில், எந்தச் சரிவில் என்று வரைவதுதான் என் மேசையின் வேலை. மேலதிகாரி டெரிக் சேர்.

டெரிக் சேர் பறங்கியர், ஐரோப்பிய வம்சாவளி. கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர். பெரிய உடம்பு, தோளில் பட்டி போட்ட காற்சட்டை, சிறு வயதில் தெருவில் விளையாடும்போது பழகிய தமிழ். அலுவலகத்தில் என்னுடன் ஆங்கிலத்தில் பேசுவார். தமிழ் வீடுகளுக்குள் நுழைந்ததும் அந்தத் தெருத் தமிழுக்கு மாறிவிடுவார். பக்கத்து வீட்டு விளக்கால் தொந்தரவு என்று யாராவது வந்தால், நாங்களெல்லோரும் அந்த விளக்கைப் பார்க்கத்தான் ஓடுவோம். அவர் விளக்கின் பக்கமே போகமாட்டார். முறைப்பாடு சொன்னவரின் வீட்டுக்குள் போய், சப்பாத்தைக் கழற்றிவிட்டு, முதல் கேள்வியாக இதைத்தான் கேட்பார்:

“நான் உங்கட கட்டில்ல கொஞ்சம் படுக்கலாமா?”

வீட்டுக்காரர்கள் திகைத்துப்போவார்கள். சிலர் சிரிப்பார்கள். ஒரு அம்மா ஓடிப்போய்ப் படுக்கை விரிப்பையே மாற்றினார். டெரிக் சேர் தலையணைமேல் தன் கைக்குட்டையை விரித்து, மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொள்வார். அறையில் உள்ள எல்லா விளக்கையும் அணைக்கச் சொல்வார். நாங்கள் சுவரோரம் நிற்போம். மின்விசிறி சுற்றும் சத்தம், யாரோ கோப்பை கழுவும் சத்தம், தூரத்தில் கடல். கண்ணுக்கு இருட்டுப் பழக வேண்டும் என்பார். சில வேளை அவர் உண்மையிலேயே உறங்கிவிட்டாரோ என்று எனக்குச் சந்தேகம் வரும். பிறகு மெதுவாகக் கண்ணைத் திறந்து யன்னலைப் பார்ப்பார்.

“பத்மா, பல்ப் தெரியுதா, இல்லாட்டி பல்ப்பின்ட வெளிச்சம் பட்ட இடம் தெரியுதா?”

எங்கள் வேலை முழுவதும் அந்த ஒரு கேள்விக்குள் இருந்தது. அடுத்த வீட்டு முற்றம் வெளிச்சமாகத் தெரிந்தால் அது தொந்தரவில்லை. படுத்திருக்கும் இடத்திலிருந்து அடுத்த வீட்டுப் பல்ப்பே கண்ணில் குத்தினால், அந்த விளக்கு தன் வீட்டு வேலையை விட்டுவிட்டு எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது என்று அர்த்தம். அதைத் திருப்பி அனுப்ப வேண்டும். தலையைக் கீழே சரிக்கலாம், மேலே கூடு போடலாம், சின்னப் பல்ப் மாற்றலாம், தேவையில்லாத நேரத்தில் அணைக்கலாம். அணைக்கச் சொல்வதைக் கடைசியில்தான் சொல்ல வேண்டும் என்பார். விளக்கு வைத்தவனுக்கு ஏதோ ஒரு தேவையோ பயமோ இருக்கும். அதைக் கேட்காமல் அவன் விளக்கில் கை வைக்கக் கூடாது.

முதன்முதலில் நான் அவருடன் போனது கொட்டாஞ்சேனைக்கு. அங்கே அந்தோனிமுத்து என்பவர் மொட்டைமாடியில் கோழி வளர்த்தார். பக்கத்துக் கட்டடத்தில் ஒரு தளபாடக் கடை. அதன் பெயர்ப்பலகைக்குக் கீழே இரண்டு விளக்குகளை வானத்தைப் பார்க்க வைத்திருந்தார்கள்.

“ஐயா, இந்தச் சேவலப் பாருங்க” என்றார் அந்தோனிமுத்து. “ராத்திரி எட்டு மணிக்குக் கூவுது, பத்து மணிக்குக் கூவுது. இதுக்கு எப்பவும் விடியக்காலந்தான். தெருச் சனம் என்னத் திட்டுது. கோழிக முட்ட போட்டுப் போட்டே இளைச்சுப் போச்சு.”

டெரிக் சேர் அன்றைக்குக் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில், சீமெந்துத் தரையில் படுத்தார். சேவல் கூட்டுக்குள் நிமிர்ந்து நின்று அவரைப் பார்த்தது. தளபாடக் கடைக்காரர் சிரித்துச் சிரித்தே சம்மதித்துவிட்டார். கீழிருந்த விளக்குகளைக் கழற்றிப் பலகைக்கு மேலே மாட்டி, கீழ்நோக்கித் திருப்பினோம். பலகை முன்பைவிட நன்றாகத் தெரிந்தது. மாடியில் இருட்டு வந்ததும் கோழிகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு கழுத்தைச் சுருக்கின. நாங்கள் மூன்று பேரும் குரலைத் தணித்து, ஒரு குழந்தையின் தொட்டிலைச் சுற்றி நிற்பவர்கள்போல் நின்றோம். கொச்சிக்கடைப் பக்கமிருந்து துறைமுகக் கப்பலொன்று ஊதியது. சேவல் பேசாமல் இருந்தது.

அந்தக் காலத்தில் கொழும்பில் வெளிச்சம் கூடிக்கொண்டே போனது. எங்காவது குண்டு வெடித்தால், அடுத்த வாரம் எங்கள் கடையில் பெரிய ஹலோஜன் விளக்குகள் தீர்ந்துபோகும். கொள்ளுப்பிட்டி அலுவலகங்கள் மதிலுக்கு மேலே வரிசையாக மாட்டின. வீடுகளும் மாட்டின. சில மாதங்கள் மின்வெட்டு இருந்தது. அப்போது மட்டும் வெள்ளவத்தை பழைய இடமாகிவிடும். சனம் கடற்கரைத் தண்டவாளத்தின் பக்கம் போய்க் கல்லில் உட்காரும். இவ்வளவு நட்சத்திரம் எங்கள் தலைக்கு மேலே எப்போதும் இருந்ததா என்று எனக்கு அதிசயமாக இருக்கும். மின்சாரம் திரும்பியதும் பிள்ளைகள் ‘ஓ’ என்று கத்துவார்கள். நட்சத்திரங்கள் ஒரே நொடியில் இல்லாமல் போகும். கடல் மட்டும் அங்கேயே இருக்கும்.

அப்படியான ஒரு காலத்தில்தான் யோகம் அக்கா எங்கள் அலுவலகத்துக்கு வந்தார்.

அவர் பம்பலப்பிட்டியில் ஒரு பாடசாலை ஆசிரியை. வீடு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில். நேரே என் மேசைக்கு வந்தார். என் நெற்றிப் பொட்டைப் பார்த்து, தமிழ் என்று தெரிந்து வந்திருக்க வேண்டும். கதிரையில் உட்கார்ந்து, சுற்றிலும் பார்த்து, குரலைத் தாழ்த்தினார்.

“தங்கச்சி, எங்கட வீட்டுக்கு முன்னால ஒரு புடவைக் களஞ்சியம் இருக்கு. அதின்ட மதில்ல நாலு லைட் போட்டிருக்கினம். பெட்டியில உங்கட கடைப் பெயர் கண்டனான். அதுதான் வந்தனான்.”

“நாங்கள் வித்திருப்பம் அக்கா. மதில்ல பூட்டினது அவையின்ட ஆள்போல. என்ன பிரச்சினை?”

“தம்பிக்கு நித்திரை இல்லை.”

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். தம்பியின் பெயர் சிவநேசன். கொட்டாஞ்சேனையில் ஒரு விடுதியில் தங்கி அச்சகத்தில் வேலை செய்தவன். ஒரு சுற்றிவளைப்பில் பிடிபட்டான். பல மாதங்கள் எங்கே வைத்திருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. பிறகு வழக்கு எதுவும் இல்லை என்று விட்டுவிட்டார்கள். அவனை வைத்திருந்த அறையில் விளக்கை ஒருபோதும் அணைப்பதில்லையாம். பகல் எது, இரவு எது என்று அவனுக்குத் தெரியாமல் போயிற்றாம்.

“இப்ப எங்கட வீட்டிலயும் அதே வெளிச்சம். அவன் கட்டில்ல படுக்கிறேல்ல, தங்கச்சி. கட்டிலுக்குக் கீழ படுக்கிறான்.”

“யன்னலுக்குத் தடிப்பாத் திரை போட்டுப் பாத்தனீங்களோ?”

“கம்பளி தொங்கவிட்டனான். ரெண்டாம் நாளே பொலிஸ் வந்து கதவைத் தட்டிச்சு. யன்னலை மூடி உள்ள என்ன ஒளிச்சு வைச்சிருக்கிறீங்கள் எண்டு கேட்டுத் தேடினாங்கள். யன்னல் கதவைச் சாத்தினா அவனுக்கு மூச்சு முட்டுது. திறந்தா வெளிச்சம். நான் என்ன செய்ய?”

களஞ்சியத்தின் சொந்தக்காரர் இராசதுரை முதலாளி. தமிழர்தான். டெரிக் சேரும் நானும் முதலில் அவரைப் போய்ப் பார்த்தோம். நல்ல மனிதர், எங்களுக்குச் சோடா உடைத்துத் தந்தார். ஆனால் விளக்கு என்றதும் முகம் மாறியது.

“பிள்ளை, ஒழுங்கை முனையில பொலிஸ் காவல் சென்றி இருக்கு. இடம் இருட்டாக் கிடக்கு எண்டு அவங்கள்தான் சொன்னவங்கள். நான் உடன லைட் போட்டனான். இப்ப நான் குறைச்சா, ஏன் குறைச்சனி, ஆருக்காகக் குறைச்சனி எண்டு கேட்பாங்கள். என்ர பெயர் இராசதுரை. அவங்கள் கேட்கிற மாதிரி வேற ஆரையும் கேட்க மாட்டாங்கள்.”

“வெளிச்சம் குறையாது. திசை மட்டுந்தான் மாறும்” என்றார் டெரிக் சேர்.

“சேர் அதை அவங்களுக்குச் சொல்லுங்கோ. அவங்கள் ஓம் எண்டால் எனக்கு ஓம்.”

அன்றைக்கு மாலை யோகம் அக்கா வீட்டின் மாடியறைக்குப் போனோம். நான் கண்ட அறைகளிலேயே அதுதான் வெளிச்சமான அறை. விளக்குப் போடாமலே பத்திரிகை வாசிக்கலாம். சுவரில் யன்னல் கம்பிகளின் நிழல் கறுப்பாக, நிமிர்ந்து நின்றது. சிவநேசன் மூலையில் தரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இருபத்தைந்து வயதிருக்கும். எங்களைப் பார்க்கவில்லை.

டெரிக் சேர் சப்பாத்தைக் கழற்றினார். கட்டிலைப் பார்த்தார். பிறகு அவனிடம் கேட்டார்: “தம்பி, நீ எங்க படுக்கிறது?”

அவன் கையால் காட்டினான்.

அந்தப் பெரிய உடம்பு குனிந்து, தவழ்ந்து, கட்டிலுக்குக் கீழே போனதை நான் இப்போதும் பார்க்கிறேன். கால்கள் வெளியே நீட்டிக்கொண்டு கிடந்தன. நாங்கள் காத்திருந்தோம். கடலோரமாக ஒரு ரயில் போயிற்று. அறை முழுவதும் லேசாக நடுங்கி நின்றது. கட்டிலுக்குக் கீழிருந்து அவர் குரல் வந்தது.

“இங்க நல்ல இருட்டு, தம்பி. நீ சரியான இடம்தான் பிடிச்சிருக்கிறாய்.”

சிவநேசன் முதல்தடவையாகத் தலையை நிமிர்த்தினான். அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பொலிஸிடம் கேட்பதற்கு முன் கணக்குக் கையில் இருக்கட்டும் என்று, மறுநாள் காலை அளவெடுக்க வந்தோம். விளக்குக்கு எவ்வளவு பெரிய கூடு போட வேண்டும் என்று கண்டுபிடிக்க எங்களிடம் ஓர் எளிய முறை இருந்தது. பல்ப்பிலிருந்து யன்னலின் கீழ்விளிம்புவரை ஒரு நூலை இழுத்துப் பிடிக்க வேண்டும். விளக்குப் பக்கத்தில் ஓர் அட்டையைக் கூடு மாதிரிப் பிடித்து, அது அந்த நூலைத் தொடும்வரை நீட்ட வேண்டும். நூலை அட்டை தடுத்தால் வெளிச்சத்தைத் தகடு தடுக்கும். அவ்வளவுதான். எங்கள் மின்வேலையாள் சோமே களஞ்சிய மதிலில் ஏணி வைத்து நூலின் ஒரு முனையைப் பிடித்தார். மறுமுனை மாடி யன்னலில் என் கையில். டெரிக் சேர் கீழே ஒழுங்கையில் நின்று அண்ணாந்து பார்த்தார். வெயிலில் அந்த வெள்ளை நூல் ஒழுங்கைக்குக் குறுக்கே மினுங்கியது. ஒரு காகம் அதன் கீழால் பறந்து போயிற்று.

“நவத்தண்ட!”

ஒழுங்கை முனையிலிருந்து வந்த குரல். நிறுத்தச் சொல்லிச் சிங்களத்தில் கத்தியபடி காவலாள் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு ஓடி வந்தான். அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒரு தமிழ் வீட்டு யன்னலிலிருந்து காவலரணுக்குப் பக்கத்து மதிலுக்கு ஒரு கோடு போகிறது. தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கு அது நூலா வயரா என்று எப்படித் தெரியும்?

சோமே ஏணியில் நின்றபடியே இரண்டு கைகளையும் உயர்த்தினார். அவர் பக்க நூல் கீழே தொய்ந்தது. எனக்குப் பின்னால் சரசரவென்று சத்தம். சிவநேசன் கட்டிலுக்குக் கீழே போய்விட்டான். என் விரலில் நூல் சுற்றியிருந்தது. விடுவதா பிடிப்பதா என்று தெரியவில்லை.

“பத்மா, அசையாதே!” என்றார் டெரிக் சேர் கீழிருந்து. கைகளை விரித்து, துப்பாக்கிக்கும் யன்னலுக்கும் நடுவே அவர் நகர்ந்து நின்றதைக் கண்டேன். அவருக்கே தெரியாமல் செய்ததுபோல், இரண்டே அடி.

கொஞ்ச நேரத்தில் உதவிப் பொலிஸ் பரிசோதகர் இரண்டு பேருடன் மாடிக்கு ஏறி வந்தார். மெலிந்த, களைத்த மனிதர். என் கையிலிருந்த நூலைத் தானே அவிழ்த்து, விரல்களுக்கிடையில் உருட்டிப் பார்த்தார். கொழும்பில் தங்கும் தமிழர் எடுக்க வேண்டியிருந்த பொலிஸ் பதிவை யோகம் அக்காவிடம் வாங்கிப் பார்த்தார். சிவநேசனை விடுவித்த கடிதத்தைப் பார்த்தார். குனிந்து கட்டிலுக்குக் கீழேயும் பார்த்தார்.

“ஏன் அங்கே இருக்கிறான்?” என்று சிங்களத்தில் கேட்டார்.

மூச்சிரைக்க ஏறி வந்த டெரிக் சேர் பதில் சொன்னார். “அவன் உறங்குவதே அங்கேதான், மாத்தையா. வெளிச்சத்துக்குப் பயம்.”

“வெளிச்சம் எங்களுடைய பாதுகாப்புக்கு.”

“இல்லை மாத்தையா. காவலரணைப் பார்த்து எரியும் அந்த விளக்கு உங்கள் ஆளுடைய கண்ணைத்தான் கூசவைத்துக் கட்டுகிறது. அதற்குக் கீழே யாராவது நின்றால் அவனுக்குத் தெரியாது.”

பரிசோதகர் அவரை மேலும் கீழும் பார்த்தார். “காட்ட முடியுமா?”

“இன்றைக்கு மாலையே காட்டலாம். யாராவது ஒருவர் மதிலடியில் நிற்க வேண்டும். நான் நிற்கிறேன்.”

“உங்களை எங்கே நின்றாலும் தெரியும்” என்றார் பரிசோதகர். சிரிக்காமல்தான் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். “இவர் யார்?”

“பத்மா. எங்கள் நிறுவனம்.”

“முழுப் பெயர்?”

“பத்மாவதி நடராசா” என்றேன்.

தமிழ்ப் பெயர் என்று விளங்கியதுபோல் அவர் தலையை ஆட்டினார். “அப்போது இவர் நிற்கட்டும்.”

டெரிக் சேர் மறுத்தார். தானும் கூட நிற்பதாகச் சொன்னார். பரிசோதகர் கேட்கவில்லை. நான் சம்மதித்தேன். துணிவில் சம்மதிக்கவில்லை. மறுத்தால் அந்த வீட்டுக்கு என்ன ஆகும் என்று நினைத்தேன்.

பொழுது பட்டதும் நான்கு விளக்குகளும் எரிந்தன. அன்றைக்கு நான் கட்டியிருந்தது வெளிர் மஞ்சள் சேலை. இருட்டில் ஒளிக்கக்கூடிய நிறமல்ல. பரிசோதகரும் காவலாளும் டெரிக் சேரும் ஒழுங்கை முனையில் நின்றார்கள். நான் களஞ்சியத்துக்குள்ளால் போய், பக்கக் கதவால் வெளியே வந்து, மதிலோரம் எனக்கு விருப்பமான இடத்தில் நிற்க வேண்டும். எந்த இடம் என்று அவர்களுக்குத் தெரியாது. டெரிக் சேர் என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னார்: “திரும்பி வரும்போது முதலில் குரல் கொடு. பிறகு கால் எடு.”

பக்கக் கதவைத் திறந்தேன். முதுகை மதிலில் தேய்த்துக்கொண்டே நடந்து, இரண்டாவது விளக்குக்கு நேர் கீழே போய் நின்றேன். மதில் பகல் வெயிலின் சூட்டை இன்னும் வைத்திருந்தது. என் தலைக்கு மேலால் வெளிச்சம் ஒரு பலகைபோல் ஒழுங்கைக்குக் குறுக்கே போய், யோகம் அக்கா வீட்டுச் சுவரில் மோதியது. அந்தப் பலகைக்கு அடியில் நான். ஒழுங்கை முனையில் அவர்கள் மூவரும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தார்கள். காவலாள் கண்ணுக்கு மேலே கை வைத்துத் தேடினான்.

“பேனவாத?” தெரிகிறதா என்று கேட்டார் பரிசோதகர்.

“நே, சேர்.” இல்லை.

நான் கையை அசைத்தேன்.

“பேனவாத?”

“நே, சேர்.”

அப்போது எனக்கு நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பயம் போய்விட்டது. அந்த வருடங்களில் கொழும்பில் என்னை யாரும் பார்க்காத இடம் ஒன்றும் இருக்கவில்லை. பஸ்ஸில் பார்ப்பார்கள், பொட்டைப் பார்ப்பார்கள், அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு முகத்தைப் பார்ப்பார்கள். இங்கே, ஒரு துப்பாக்கிக்கு நேரே, மஞ்சள் சேலையில் நிற்கிறேன், நான் இல்லை. கடல் ஒரு மூச்சு விட்டு ஒரு மூச்சு இழுத்தது. யாருடைய வீட்டிலோ மீன் பொரித்தார்கள். கைப்பையில் இருந்த அடையாள அட்டைக்கு எந்த எடையும் இல்லாததுபோல் இருந்தது. அங்கேயே நின்றுவிடலாம் என்று பட்டது. நான் அண்ணாந்து பார்த்தேன். எதிர்ச் சுவர் பகல்போல் எரிந்தது. மாடி யன்னலில் சிவநேசன் முழங்கையால் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். நான் கீழே இருக்கிறேன் என்று அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள், என்னைத் தேடியிருக்கிறான். அவனுக்கும் நான் தெரியவில்லை.

அவனைக் கண்டதும், வந்த வேலை எனக்கு ஞாபகம் வந்தது.

“மம எனவா!” வருகிறேன் என்று சிங்களத்தில் கத்தினேன்.

காவலாள் துள்ளிவிட்டான். குரல் அவன் எதிர்பார்த்ததைவிடப் பக்கத்தில் இருந்து வந்திருக்க வேண்டும். பரிசோதகர் அவனுடைய துப்பாக்கிக் குழலைக் கையால் கீழே அழுத்தினார். நான் வெளிச்சத்துக்குள் வந்து, கைகள் இரண்டும் தெரிய நடந்தேன். அந்த நடைதான் நீளமாக இருந்தது.

பரிசோதகர் தானே நடந்துபோய், நான் நின்ற இடத்தில் நின்றார். “பேனவாத?” என்று அங்கிருந்து கேட்டார். “நே, சேர்” என்றான் காவலாள், குரல் இறங்கி. அவர் திரும்பி வந்து தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார்.

“எத்தனை மாதமாக இப்படி இருக்கிறது!” என்றார், யாரிடமும் அல்லாமல். பிறகு டெரிக் சேரிடம்: “ஹரி, சரி. நாளைக்குப் பகலில் செய்யுங்கள். மாலை நான் வந்து பார்ப்பேன். எனக்குச் சரி வராவிட்டால் எல்லாம் பழையபடிதான்.”

மறுநாள் பகல் முழுவதும் வேலை. இம்முறை நூல் பிடிக்கும்போது காவலாளே பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தான். விளக்குகளின் முகத்தை மதிலடியைப் பார்க்கச் சரித்தோம். வளைத்த அலுமினியத் தகட்டில் கூடு செய்து மாட்டினோம். கூட்டின் உட்பக்கம் பளபளத்தால் அதுவே இன்னொரு விளக்காகிவிடும். ஆகையால் மினுக்கமில்லாத கறுப்பு அடித்தோம். ஒழுங்கை முனையைப் பார்த்து எரிந்த விளக்கைக் கழற்றி, மறுபக்கம் திருப்பி மாட்டினோம். வெளிச்சம் வீணாகாததால் பாதிச் சக்தியுள்ள பல்ப்புகளே போதுமாயின. இராசதுரை முதலாளி களஞ்சிய வாசலில் நின்று, பல்ப்பைச் சின்னதாக்கியது பரிசோதகருக்குத் தெரியுமா என்று மூன்று முறை கேட்டார்.

மாலையில் நான் மறுபடியும் அதே இடத்தில் போய் நின்றேன். இந்த முறை நிழல் இல்லை. தரையில் சருகுகூடத் தனித்தனியாகத் தெரிந்தது.

“பேனவாத?”

“பேனவா, சேர். கையில் வளையல் போட்டிருக்கிறார்.”

நான் அண்ணாந்து பார்த்தேன். எதிர்ச் சுவரின் கீழ்ப்பாதி மங்கலாகத் தெரிந்தது. மாடியைக் காணவில்லை. யன்னல் இருந்த இடத்தில் ஒரு நீலக் கருமை, அதற்கு மேலே கூரை விளிம்பு, அதற்கு மேலே வானம். பரிசோதகர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். போகும்போது தன் நிலையத்து வாசல் விளக்கையும் ஒருநாள் வந்து பார்க்க முடியுமா என்று டெரிக் சேரிடம் கேட்டாராம்.

சிவநேசன் அன்றைக்கே கட்டிலில் ஏறிப் படுத்தான் என்று எழுத எனக்கு ஆசை. அப்படி நடக்கவில்லை. அடுத்த வாரம் யோகம் அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தபோது, “இன்னும் கீழதான் படுக்கிறான். ஆனா நித்திரை கொள்ளுறான், தங்கச்சி. குறட்டை கேட்குது” என்றார். அந்தக் குறட்டையைக் கேட்பதற்காக அவர் விழித்திருக்கிறாராம்.

காற்றில் கூடுகள் அசைகின்றனவா என்று பார்க்க, கொஞ்ச நாள் கழித்து ஒரு மாலை நான் தனியாகப் போனேன். வேலை முடித்து யோகம் அக்கா வீட்டு வாசலில் நின்று கதைத்துக்கொண்டிருந்தேன். சிவநேசன் படியிறங்கி வந்தான். சவரம் செய்திருந்தான். என்னிடம் நேரே கேட்டான்:

“அந்த வெளிச்சம் இப்ப எங்க விழுகுது?”

“வாரும், காட்டுறன்.”

மூவரும் ஒழுங்கைக்கு வந்தோம். விடுதலையாகி வந்த பிறகு அவன் வாசலைத் தாண்டியது அன்றைக்குத்தான் என்று அக்கா பிறகு சொன்னார். மதிலடியில் வெளிச்சம் ஒரு பாய் விரித்ததுபோல் கிடந்தது. அதன் விளிம்பு கத்தரித்த மாதிரி நேராக இருந்தது. அவன் விளிம்புக்கு வெளியே நின்று பார்த்தான்.

“இங்கால நிண்டா நான் அவைக்குத் தெரியமாட்டனோ?”

“இங்கயும் கொஞ்சம் தெரியும். அங்க வடிவாத் தெரியும்.”

அவன் ஒரு கையை மட்டும் வெளிச்சத்துக்குள் நீட்டினான். திருப்பிப் பார்த்தான். உள்ளங்கை, புறங்கை. கடற்காற்றில் அவன் சட்டை உப்பி அடங்கியது. பிறகு வெளிச்சத்துக்குள் நடந்தான். நடந்துகொண்டே, “அக்கா, பேக்கரிக் கடைக்குப் போட்டு வாறன்” என்றான்.

யோகம் அக்கா ஓர் அடி வைத்தார். பிறகு என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். ஒழுங்கை முனையில் காவலாள் அவனை மறித்தான். அவன் அடையாள அட்டையைக் கொடுத்தான். காவலாள் அட்டையைப் பார்த்தான், அவனைப் பார்த்தான், ஒழுங்கைக்குள் நின்ற எங்களைப் பார்த்தான். அட்டையைத் திருப்பிக் கொடுத்தான். சிவநேசன் காலி வீதியின் சனத்துக்குள் போய் மறைந்தான்.

ரயில் ஒன்று தெகிவளைப் பக்கம் போயிற்று. அக்காவின் விரல்கள் என் முழங்கையை விடவேயில்லை.

அவன் கையில் கடதாசிப் பையுடன் திரும்பி வந்தான். வாசலுக்கு வந்து, கொஞ்சம் மூச்சிரைக்க, அதை அக்காவிடம் நீட்டினான்.

“பாண் முடிஞ்சுதாம். பணிஸ்தான் இருந்தது.”

யோகம் அக்கா பையை வாங்கி இரண்டு கைகளாலும் பிடித்துப் பார்த்தார். “சூடாத்தான் இருக்கு” என்றார்.